கணக்குச் சொல்லக் கூலி

1976இல் பம்பாயில் நரோத்தம் ஷா என்ற பொருளாதார அறிஞர் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தைத் தொடங்கினார். சி.எம்.ஐ.இ. என்றால் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு உடனே தெரியும். அரசுத் துறைகள் ஆளுக்கொரு பக்கம் வெளியிடும் புள்ளிவிவரங்களைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, விலைக்குக் கொடுப்பதுதான் அதன் தொழில். அரசாங்கமே தரும் எண்ணை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்கினார்கள். வங்கிகளும் கம்பெனிகளும் ஆய்வு நிறுவனங்களும் வாங்கின. நிறுவனம் இன்றும் நிற்கிறது.

தனி வாசகருக்கு அப்படிப்பட்ட சந்தா கட்டுப்படியாகாது. அவருக்கான இடம் நெடுநாள் காலியாகவே கிடந்தது. 2017 அக்டோபரில் அமெரிக்கரான பில் பிஷப், சீனாவைப் பற்றி இலவசமாக அனுப்பிவந்த ‘சைனோசிசம்’ என்ற மின்னஞ்சல் மடலைக் கட்டண மடலாக்கினார். மின்னஞ்சல் மடல்களுக்கான சப்ஸ்டாக் தளத்தில் வந்த முதல் வெளியீடு அதுதான். அதேபோல இந்தியப் பொருளாதாரத்தைத் தரவுகளைக் கொண்டு விளக்கும் மடல் ஒன்று, மாதம் 100 ரூபாய்க்கு ஆயிரம் சந்தாதாரர்களைச் சேர்த்தால் மாதம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பத்திரிகையாளர் விளம்பரதாரரின் முகம் பார்க்காமல் எழுத அது போதும்.

எண்கள் இலவசமாகக் கிடைக்கும்போது சந்தா எதற்கு? எண் மட்டும்தான் இலவசம். அதை எப்படி எண்ணினார்கள் என்பதை யாரோ உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்களின் வேலையையே எடுத்துக்கொள்ளலாம். 2017-18இல், 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்த்து 23.3 சதவீதம் என்றது அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2023-24இல் அது 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இப்படியொரு ஏற்றம். அதே காலத்தில் சி.எம்.ஐ.இ. வீடு வீடாக நடத்தும் ஆய்வில் பெண்களின் பங்கு 10 சதவீதத்தையொட்டியே கிடந்தது. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிட முடியாது. குடும்ப வயலில் கூலியில்லாமல் களையெடுக்கும் பெண்ணும், கணவரின் பெட்டிக்கடையில் சம்பளமில்லாமல் வியாபாரம் பார்க்கும் பெண்ணும் அரசின் கணக்கில் வேலையில் இருப்பவர்கள். சி.எம்.ஐ.இ.யின் வரையறை அதைவிட இறுக்கமானது. அரசின் அறிக்கைக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், 2023-24இல் வேலையில் இருந்த பெண்களில் 67.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள் என்றும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதியமில்லாத குடும்ப உதவியாளர்கள் என்றும் தெரிகிறது. பெண்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று மகிழ்வதா, கையில் காசு வராத உழைப்பு கூடியிருக்கிறது என்று கவலைப்படுவதா? 41.7 என்ற ஒற்றை எண்ணில் இதற்கு விடை கிடையாது. ஒரு வார மடலுக்கு இந்த ஒரு விஷயமே போதும்.

2015 ஜனவரியில் நடந்தது இன்னொரு கதை. 2013-14இன் பொருளாதார வளர்ச்சி 4.7 சதவீதத்திலிருந்து 6.9 ஆனது. நாட்டில் எதுவும் மாறவில்லை. அடிப்படை ஆண்டு 2004-05இலிருந்து 2011-12க்கு நகர்ந்தது, அளக்கும் முறையும் மாறியது.

இல்லாத எண்ணைப் பற்றிச் சொல்வது இதைவிட முக்கியம். 2017-18இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வெளியிடப்போவதில்லை என்று 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. அதனால் 2011-12க்குப் பிறகு நாட்டு மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அறிய 2022-23 கணக்கெடுப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் பெறுவோர் எண்ணிக்கை 2011 மக்கள்தொகையை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பின் பெருகிய மக்களில் ஏழைகள் பலர் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். எண் வராவிட்டால் அரிசியும் வராது.

2022-23 கணக்கெடுப்பு வாசகருக்கே ஒரு சேதி சொல்கிறது. நகர்ப்புறத்தில் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய். உச்சியில் இருக்கும் 5 சதவீதத்தினரின் சராசரி 20,824. நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 83,000 ரூபாய் செலவாகிறதென்றால் அந்தக் குடும்பம் உச்சிக்கு அருகில்தான் இருக்கிறது. அவர்கள் தங்களை நடுத்தரம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

சென்னையிலிருந்து இயங்கும் தரவுப் பத்திரிகையாளர் ருக்மிணி எஸ். தொடங்கிய ‘டேட்டா ஃபார் இந்தியா’ இத்தகைய விளக்கங்களை ஆங்கிலத்தில் இலவசமாகவே தருகிறது. நல்ல காரியம். இலவசம் என்றாலும் பின்னால் யாராவது செலவை ஏற்கத்தான் வேண்டும். அந்தச் செலவைப் படிப்பவரே ஏற்றால், எழுதுபவர் பதில் சொல்ல வேண்டியதும் அவருக்குத்தான். இதே வேலை தமிழில் வாராவாரம், பொறுமையாக நடக்க வேண்டும்.

அப்படியொரு மடல் கண்ணில் பட்டால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்களா, அதன் வரையறையை விளக்குகிறார்களா, திருத்தம் வந்தால் வெளியிடுகிறார்களா? மூன்றும் இருந்தால் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். அந்தப் பணம் அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது முதலாம் ஆண்டில்தான்.