பழைய பேரேட்டில் மதுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியதிலிருந்து நடக்கும் சண்டையைப் படித்துவருகிறேன். டெல்லி வஞ்சித்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. அறிக்கையையே ஒழுங்காகத் தயாரிக்கவில்லை என்கிறது இன்னொரு தரப்பு. இந்தச் சத்தத்தில் கணக்கு ஓரமாக ஒதுங்கிவிட்டது. கீழமாசி வீதி மண்டி ஒன்றில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். தெரிந்த விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

20 லட்சம் மக்கள் உள்ள ஊருக்குத்தான் மெட்ரோ என்பது 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை. அதைக் காட்டித்தான் அறிக்கையைத் திருப்பினார்கள். மதுரையின் தலைக்கணக்கை மத்திய அரசு எடுத்திருப்பது 2011 கணக்கெடுப்பிலிருந்து. அந்த வருஷம் பிப்ரவரியில் வீடு வீடாக வந்தபோது மாநகராட்சிக்கு 72 வார்டு, மக்கள் 10.17 லட்சம். அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் எல்லாம் உள்ளே வந்து 100 வார்டு ஆகிவிட்டது. 52 சதுர கி.மீ. ஊர் 148 சதுர கி.மீ. ஆனது. புறநகரைச் சேர்த்த கணக்கும் ஒன்று உண்டு, அதுவும் 14.65 லட்சம்தான். 2011இல் 20 லட்சம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை எடுக்காமல் விட்டது மதுரைக்காரனா? அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று 2025இல்தான் தேதி குறித்தார்கள்.

ஆக்ராவும் போபாலும் 2011 கணக்கில் 20 லட்சத்தைத் தொடாத ஊர்கள்தான். போபாலுக்கு 2018இல் ஒப்புதல் கிடைத்தது, ஆக்ராவுக்கு 2019இல். இரண்டுமே அந்தக் கொள்கை வந்த பிறகு. அங்கே வளைந்த விதி வைகைக் கரைக்கு வந்ததும் விறைத்துக்கொள்கிறது.

தலைக்கணக்கே சரியான அளவுகோலா என்பது எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். காலை எட்டேகாலுக்கு ஒத்தக்கடையில் பெரியார் பஸ்ஸுக்கு நிற்பேன். வரும்போதே படியில் ஆள் தொங்கும். "உள்ள போங்கய்யா, உள்ள எடம் கெடக்கு" என்று கண்டக்டர் கத்துவார். எங்கே கிடக்கிறது என்பது அவருக்கே வெளிச்சம். கல்லூரிப் பிள்ளைகளின் பைகள் உட்கார்ந்திருப்பவர் மடியில் நாலு, ஐந்தாக அடுக்கப்பட்டிருக்கும். போன வாரம் ஒரு பெரியவர் எக்ஸ்ரே கவரைத் தலைக்கு மேல் பிடித்தபடியே வந்தார், மடங்கிவிடக் கூடாதென்று. கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். பெரியாஸ்பத்திரிக்கு டோக்கன் முடிந்துவிடுமோ என்று அவருக்குப் பதற்றம். எந்த ஊர் என்று கேட்டேன். கொட்டாம்பட்டி என்றார். அரசாங்கம் அவரை எண்ணியது கொட்டாம்பட்டியில். அவர் நின்று தவிப்பது கோரிப்பாளையத்தில். ஆஸ்பத்திரிக்கும் ஐகோர்ட் கிளைக்கும் வேலைக்கும் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள் யாரும் மதுரைக் கணக்கில் இல்லை. ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதை வைத்துப் பகலில் ஓடும் ரயிலுக்குத் தகுதி பார்க்கிறார்கள்.

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கி.மீ., 11,368 கோடி ரூபாய். தொகையைப் பார்த்தால் எனக்கும் தலை சுற்றத்தான் செய்கிறது. இந்த ஊருக்குத் தனித்தட பஸ் போதும் என்கிறது டெல்லி. சிம்மக்கல்லில் தனித்தடத்தை எங்கே பிரிப்பார்கள் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூடச் சிரிப்பார்; அது கிடக்கட்டும். போதும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு எத்தனை கோடி, எந்த மானியத் தலைப்பில், எந்த வருஷம்? மெட்ரோ வருகிறதோ இல்லையோ, அதுவரை மதுரைக்கு எத்தனை டவுன் பஸ் கூடும் என்று மாநில அரசும் தன் போக்குவரத்து மானியத்தில் எழுதிக் காட்டலாமே.

வீட்டுக் கணக்கும் இதே பழைய பேரேடுதான். எங்கள் மண்டியில் மூட்டை இறக்குகிற ஒருவருக்கு வாடிப்பட்டிப் பக்கம் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீடு வந்தது. லிண்டல் மட்டத்தோடு சுவர் நிற்கிறது. நிலை வைத்த இடத்தில் பழைய சேலை தொங்குகிறது. ஊரகத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைக்கு 1.30 லட்சம் என்று 2016இல் வைத்தார்கள். அந்த 1.20 லட்சத்தில் மத்திய அரசின் பங்கு 72,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் இன்னும் இரண்டு கோடி வீடுகளுக்கு அனுமதி கொடுத்தபோதும் அதே 1.20 லட்சத்தைத்தான் எழுதினார்கள். 2016இல் வாங்கிய விலைக்கு இன்றைக்கு யாராவது கம்பியும் எம்-சாண்டும் தருவார்களா? கொத்தனார் ஒருநாள் கூலியே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கான்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு தனியாகப் பணம் சேர்க்கிறது என்பது உண்மை. அதே மாநில அரசுதான் 2024இல் கலைஞர் கனவு இல்லத்துக்கு, 360 சதுர அடி வீட்டுக்கு, மூன்றரை லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டது. ஒரே தெரு, ஒரே ஏழ்மை. எந்தப் பட்டியலில் பெயர் வந்தது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது.

இந்த எண்களைத் தட்டிக்கேட்க வேண்டிய இடம் மக்களவை. ஒவ்வோர் அமைச்சகமும் மானியக் கோரிக்கையோடு அங்கே வந்து நிற்க வேண்டும். நூறு ரூபாயைக் குறை என்று ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுத்தாவது உறுப்பினர் தன் ஊர்க் குறையை எழுப்பலாம். நடப்பதோ வேறு. குறித்த நாள் வந்ததும் மிச்சக் கோரிக்கைகளை கில்லட்டின் என்று சொல்லி மொத்தமாக நிறைவேற்றிவிடுகிறார்கள். 2018இலும் 2023இலும் ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. ஒரு வண்டி மல்லி இறங்கினால்கூட சாக்கைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் நான் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன். சென்னைச் சட்டமன்றத்தில் துறைவாரியாக விவாதம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் தலைவரைப் புகழ்ந்து முடிப்பதற்குள் உறுப்பினரின் நேரம் தீர்ந்து மணி அடித்துவிடுகிறது.

20 லட்சமும் 1.20 லட்சமும் மத்திய அமைச்சரவை வைத்த எண்கள். மாற்றுவதற்குச் சட்டத்திருத்தம் ஒன்றும் தேவையில்லை. கேட்க ஆள் வேண்டும். மதுரை மாவட்டம் மூன்று மக்களவைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. ரயில் புறப்பட வேண்டிய திருமங்கலம் விருதுநகர் தொகுதியில், போய்ச்சேர வேண்டிய ஒத்தக்கடை மதுரையில், சேலை தொங்கும் அந்த வாடிப்பட்டி வீடு தேனியில். அடுத்த பட்ஜெட் தொடரில் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்தின் கோரிக்கைக்கு ஒன்றும் ஊரக வளர்ச்சிக்கு ஒன்றுமாக இரண்டு வெட்டுத் தீர்மானங்களை மூன்று உறுப்பினர்களும் சேர்ந்து கொடுக்கட்டும். கொடுப்பார்களா என்று தங்கள் நிருபரை விட்டு மூவரிடமும் கேட்டு, பதிலை இதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கர் ஒருவர்,
ஒத்தக்கடை, மதுரை.