வில்லி டிக்சனின் பெயர் எப்படி வந்தது?

ராக் பாடல்களின் பின்கதை வெறும் வம்புப் பேச்சு, காதுக்கு இசை போதும் என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் லெட் செப்பெலின் ராக் குழுவின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

1969-இல் அந்தப் பாடல் வந்தபோது ஆசிரியர்களாக அச்சானவை குழுவினர் நால்வரின் பெயர்கள் மட்டுமே. வரிகளில் பல, சிகாகோவின் கறுப்பின ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் எழுதி 1962-இல் மடி வாட்டர்ஸ் பாடிய ‘யூ நீட் லவ்’ பாடலைச் சேர்ந்தவை. பாடலில் வரும் கிட்டார் இசை, குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் சொந்தப் படைப்புதான். அதில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் கிட்டாரைக் கேட்டுக்கொண்டே இருந்தால் டிக்சன் காதில் விழமாட்டார். பின்கதையைத் தேடியவர்களுக்குத்தான் அவர் கிடைத்தார். 1985-இல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இன்று பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.

‘ப்ளூஸில் எல்லோரும் எல்லோரிடமும் எடுத்துக்கொண்டார்கள்’ என்பது அடுத்த சமாதானம். உண்மைதான். ஆனால் மதுக்கூடத்தில் பாடிய ஏழைக் கலைஞர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டதும், உலகெங்கும் விற்ற இசைத்தட்டில் ஒருவர் பெயரை விட்டுவிட்டு உரிமத்தொகை வாங்கியதும் ஒன்றல்ல. டிக்சன் 1984-இல் தொடங்கிய ‘ப்ளூஸ் ஹெவன்’ அறக்கட்டளை, அப்படி ஏமாந்த கலைஞர்கள் தங்கள் பணத்தைக் கேட்டுப் பெற உதவுகிறது. அதை வம்பு என்று யார் சொல்வார்கள்?