முதியோர் பராமரிப்பு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானில் ஒரு சர்வகலாசாலையில் ஜனத்தொகையின் மூப்பைப் பற்றி ஆராய்ந்துவரும் நான், தாயகத்தில் முதியோர் பராமரிப்பு இன்னும் அந்தந்தக் குடும்பத்தின் சொந்தக் கவலையாகவே கருதப்படுவது கண்டு, வருத்தத்துடன் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

65 வயதைக் கடந்தோர் 1970இல் ஜப்பானில் நூற்றுக்கு 7 பேராக இருந்து, 1994இல் 14 பேராயினர். பிரான்ஸ் தேசத்தில் நூறாண்டுகளுக்கு மேல் பிடித்த மாறுதல் இங்கே 24 ஆண்டுகளில் நிகழ்ந்துவிட்டது. இதைச் சமாளிக்க 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கே தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்தின்படி, 40 வயது நிறைந்தோர் யாவரும் சந்தா செலுத்துகின்றனர். உதவி வேண்டும் முதியவர் விண்ணப்பித்ததும், நகரசபையின் சார்பில் ஒருவர் நேரில் வந்து, கையை உயர்த்த முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா, இப்போது என்ன பருவமென்று சொல்ல முடிகிறதா என 74 விஷயங்களைப் பொறுமையாக விசாரித்தறிகிறார். பார்த்துக்கொள்ள மகனோ மகளோ இருப்பதால் ஒருவருடைய உரிமை குறைவதில்லை என்பதே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஊழியர் பற்றாக்குறை இங்கும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேலிருந்தனர். பிள்ளைகளோ என்னைப்போல் கடல் கடந்து போகின்றனர். முதியோருக்குச் சர்க்கார் தரும் மாதாந்தர உதவித்தொகை அவசியந்தான். ஆயினும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை வேண்டுமே! ஆதலின், ஊராட்சிதோறும் பயிற்சிபெற்ற பராமரிப்பு ஊழியரை நியமிக்கும் யோசனையைத் தங்கள் பத்திரிகை சர்க்காரிடம் இடைவிடாது வற்புறுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஒரு வாசகர், ஜப்பான்