விளையாட்டு வினையாகட்டும்!

‘விளையாட்டு வினையாகும்’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. கணினித் திரைக்கு முன்னால் இரவெல்லாம் கண்விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர் இன்றும் இதனையே சொல்கின்றனர். வினை என்றால் தீங்கு என்று கொண்டு நாம் அஞ்சுகிறோம். ஆயின், வினை என்னும் சொல்லுக்குச் செயல், தொழில் என்னும் பொருள்களும் உண்டு. இலக்கணம் வினைச்சொல் என்று கூறுவதும் அது பற்றியே. விளையாட்டு உருப்படியான செயலாகவும் மாறக்கூடும் என்பதற்கு விண்வெளிப் பயணக் கணினி விளையாட்டுகள் அண்மைக்காலச் சான்றாக விளங்குகின்றன. அவற்றைப் பற்றிய என் கருத்தை மாணவர், ஆசிரியர், ஊர்ப் பெரியோர் ஆகியோர் முன் இம்மலர் வாயிலாக வைக்க விழைகிறேன்.

2024 ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டின் ராக்கெட்வெர்க்ஸ் நிறுவனம், ‘கிட்டன் ஸ்பேஸ் ஏஜென்சி’ என்னும் விளையாட்டை உருவாக்கி வருவதாக அறிவித்தது. பூனைக்குட்டிகளே இதில் விண்வெளி வீரர்கள். பெயரும் தோற்றமும் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினும் உள்ளே இருப்பது இயற்பியல். ஆடுவோர் விரும்பியவாறு புதிய உறுப்புகளையும் விதிகளையும் சேர்த்துக் கொள்வதற்கான வழியை அடித்தளத்திலேயே அமைப்பதாக அதனை ஆக்குவோர் கூறுகின்றனர். விளையாட்டு இன்னும் தொடக்க வளர்ச்சி நிலையிலேயே இருக்கிறது. முற்றுப்பெறாத ஒன்றில் நம் மாணவர் காலத்தைச் செலவிடலாமா? பொருளைச் செலவிடலாமா? இவையே நம் முன் நிற்கும் வினாக்கள்.

என் விடை இதுதான்: முற்றுப்பெறாமை தன்னளவில் குறையன்று. கையில் தந்த அளவு இன்றே பயன்பட வேண்டும். பிறர் கைபடுவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில் மாணவர் தயங்காது நுழையலாம். இவை இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய நிறுவனம் அழைத்தாலும் விலகி நிற்பதே அறிவுடைமை. இம்முடிவுக்கு என்னை இட்டுச் சென்றது இதற்கு முன் வந்த இரு விளையாட்டுகளின் வரலாறு.

மெக்சிகோவில் முளைத்த விதை

மெக்சிகோ நகரில் இருந்த ஸ்குவாட் என்னும் விளம்பரத் துறை நிறுவனத்தில் பணியாற்றியவர் ஃபெலிப்பே ஃபலாங்கே என்னும் பிரேசில் நாட்டு இளைஞர். சிறுவயதில் வாணவெடிகளில் தகர இழைப் பொம்மைகளைக் கட்டிப் பறக்கவிட்டவர் அவர். அந்நினைவிலிருந்து பிறந்ததே ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. 2011 ஜூன் 24 அன்று அதன் முதற்பதிப்பு விலையின்றி வெளிவந்தது. அப்போது அதில் செல்வதற்கு நிலவுகூட இல்லை. ஒரு கோள், சில உறுப்புகள், ஓர் ஏவுதளம் ஆகிய இவ்வளவே இருந்தன. எனினும் ஏவூர்தியைக் கட்டலாம், ஏவலாம், அது ஏன் விழுந்தது என்று ஆராயலாம். தந்தது சிறிதாயினும் தந்தது இயங்கிற்று. நிலவு பின்னர் வந்தது. பிற கோள்களும் வந்தன. முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்ட 1.0 பதிப்பு 2015 ஏப்ரல் 27 அன்றுதான் வெளியாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும் ஆடியவர்களே அதன் சோதனையாளர்களாகவும் இருந்தனர்.

அக்காலத்தில் நேர்ந்த ஒரு குறைபாடு இன்றும் பேசப்படுகிறது. கலம் தொலைதூரம் சென்றதும் காரணமின்றி நடுங்கிச் சிதறிவிடும். ஆடுவோர் அதற்குக் ‘கிராக்கன்’ என்று கடற்பூதத்தின் பெயரிட்டனர். உண்மையில் அது பூதமன்று, எண்ணின் எல்லை. விளையாட்டுகளில் இடத்தைக் குறிக்கக் கையாளப்பெறும் வழக்கமான எண்முறை ஏறத்தாழ ஏழு இலக்கங்களையே சரியாகக் காக்கும். தொடக்கப் புள்ளியிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சென்றால், ஒரு மீட்டருக்குக் குறைந்த நகர்வை அவ்வெண் காட்டாது. உறுப்புகள் தம் இடம் தெரியாது ஒன்றோடொன்று மோதும், கலம் உடையும். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு வியப்புக்குரியது. கலத்தைத் தொடக்கப் புள்ளியிலேயே நிறுத்திவிட்டு, அதனைச் சூழ்ந்த உலகத்தை நகர்த்தினர்! முற்றுப்பெற்ற பண்டமாக இது கைக்கு வந்திருந்தால், இப்படியொரு சிக்கலும் அதன் தீர்வும் கற்போர் கண்ணில் பட்டிரா.

விழுந்து கற்கும் கல்வி

இவ்விளையாட்டுகள் கற்பிப்பது என்ன? ஒரே ஒரு சான்று காட்டுவேன். சுற்றுப்பாதையில் நமக்கு முன்னால் செல்லும் மற்றொரு கலத்தை எட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? விரைவைக் கூட்டுவோம் என்றுதான் எவரும் விடை பகர்வர். அங்ஙனம் செய்தால் நம் கலம் உயர்ந்த பாதைக்கு ஏறிவிடும். அப்பாதையில் ஒருமுறை சுற்றிவர அதிக நேரமாகும். ஆதலால் நாம் பின்தங்கிப் போவோம். முன்னால் இருப்பதைப் பிடிக்க முதலில் விரைவைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும்.

1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற அமெரிக்க வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை ஏற்றிவந்த ஏவூர்தியின் கழிந்த அடுக்கை நெருங்க முயன்றார். அதனை நோக்கிக் கலத்தைச் செலுத்தச் செலுத்த, அது எட்டாமலே விலகிற்று. எரிபொருள் வீணாக, முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ கலம், முறையான கணக்கின்படி சென்று ஜெமினி 7 கலத்தை ஓரடி தூரம் வரை நெருங்கியது. ஒரு வல்லரசு பெரும்பொருள் செலவிட்டுக் கற்ற அப்பாடத்தை, இன்று ஒரு மாணவன் ஒரு மாலைப் பொழுதில் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்கிறான். தேர்வு அறையில் தோல்விக்கு மதிப்பெண் இல்லை. இங்கோ தோல்வியே ஆசிரியராக அமைகிறது.

சேர்ப்பு என்னும் உரை

ஆடுவோர் தாமே எழுதிச் சேர்க்கும் பகுதிகளை ஆங்கிலத்தில் ‘மோட்’ என்பர். இங்கு நாம் அவற்றைச் ‘சேர்ப்பு’ எனக் கொள்வோம். கெர்பல் விளையாட்டில் தாய்க்கோளின் ஆரம் 600 கிலோமீட்டர் மட்டுமே. நம் பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். ஆட்டம் எளிதாக அமையும் பொருட்டு உலகத்தை அங்ஙனம் சுருக்கினர். அதனால் அங்கே நொடிக்குச் சற்றேறக்குறைய 2.3 கிலோமீட்டர் விரைவில் சுற்றுப்பாதையை அடைந்துவிடலாம். பூமியைத் தாழ்ந்த பாதையில் சுற்றிவர ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் விரைவு வேண்டும். இதில் நிறைவுகொள்ளாத சிலர், மெய்யான சூரியக் குடும்பத்தின் அளவுகளையே சேர்ப்பாக எழுதி வழங்கினர். மூல விளையாட்டு ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே கணக்கிடும். கோள்கள் அனைத்தின் ஈர்ப்பையும் ஒருங்கே கணக்கிடும் ‘பிரின்சிப்பியா’ என்னும் சேர்ப்பை வேறு சிலர் படைத்தனர்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியாகாது. தொல்காப்பியம் என்னும் ஒரு நூலை இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தத்தம் நோக்கில் உரை கண்டு விரிக்கவில்லையா? உமறுப்புலவர் முற்றுவிக்காது விட்ட சீறாப்புராணத்தின் தொடர்ச்சியைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச்சீறாவாகப் பாடவில்லையா? நூல் ஒருவருடையதாயினும் மரபு பலருடையது என்பதை நாம் அறிவோம்.

கெர்பல் விளையாட்டில் இம்மரபு மேலும் ஒருபடி சென்றது. ஆடுவோர் எழுதிய விண்விமான உறுப்புகள் 2014 இல் மூல விளையாட்டிலேயே சேர்த்துக் கொள்ளப்பட்டன. பயண நேரத்தை நினைவூட்டும் கடிகாரச் சேர்ப்பை ஒட்டிய வசதி 2021 இல் மூலத்திலேயே இடம்பெற்றது. தோற்றுவித்த ஃபலாங்கே 2016 இல் நிறுவனத்தை விட்டு விலகிய பின்னும் அவ்விளையாட்டு ஐந்தாண்டுகள் வளர்ந்தது. பல கைகள் தாங்கியது ஒரு கை விலகியதால் விழுந்துவிடவில்லை.

அச்சாரம் வாங்கிய வாக்கு

இனி, மறுபக்கத்தையும் காண்போம். 2017 இல் கெர்பல் விளையாட்டின் உரிமையை டேக்-டூ என்னும் அமெரிக்கப் பெருநிறுவனம் வாங்கியது. 2019 ஆகஸ்டில் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. 2020 இல் வரும் என்றனர். உருவாக்கும் பொறுப்பு ஒரு குழுவிடமிருந்து மற்றொரு குழுவுக்கு மாறியது, ஆண்டுகள் தள்ளிப்போயின. ஒருவழியாக 2023 பிப்ரவரி 24 அன்று முன்கூட்டிய வெளியீடாக, ஏறத்தாழ 50 டாலர் விலையில் கடைக்கு வந்தது. புதிய கோள்களில் குடியிருப்புகள், பிற விண்மீன்களுக்குப் பயணம், பலர் சேர்ந்தாடும் வசதி என வாக்களித்தவை எல்லாம் பின்னர் வரும் என்றனர். காற்று மண்டலத்துள் மீளும் கலம் சூடேறுவதுகூட வெளியீட்டு நாளில் அமையவில்லை. அது 2023 டிசம்பரில்தான் வந்தது. 2024 இல் அக்குழு கலைக்கப்பட்டது. குடியிருப்புகளும் வரவில்லை, விண்மீன்களும் வரவில்லை.

வணிகத்தில் தேர்ந்த நம் பெரியவர்கள் இதனை எளிதில் விளங்கிக் கொள்வர். அச்சாரம் வாங்குவது தவறன்று. முழுவிலையையும் வாங்கிக்கொண்டு, சரக்கு நாளை வரும் என்று சொல்லி, கடையை அடைத்துவிட்டுப் போவதுதான் தவறு. முதற்பாகமும் முற்றுப்பெறாமல் வந்ததே. இரண்டாம் பாகமும் முற்றுப்பெறாமல் வந்ததே. முன்னது இருந்ததைக் கொடுத்தது. பின்னது இல்லாததை விற்றது. குழு கலைந்தபின், தொடர்ந்து உருவாக்க விரும்பிய ஆர்வலர் கைகளுக்கு மூலநிரலும் கிட்டவில்லை.

இங்கு மற்றொரு சான்றும் எண்ணத்தக்கது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர், ‘ஆர்பிட்டர்’ என்னும் விண்பயண ஒப்புருவாக்கத்தை 2000 ஆம் ஆண்டில் விலையின்றி வெளியிட்டார். 2021 இல் அதன் மூலநிரலையும் எவரும் எடுத்தாளுமாறு திறந்துவிட்டார். ஆசிரியர் ஓய்ந்தாலும் பணி ஓயாது என்பதற்கு அதைவிட உறுதி வேறென்ன வேண்டும்?

நாம் செய்ய வேண்டுவது

பூனைக்குட்டிகளின் விளையாட்டை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். ராக்கெட்வெர்க்ஸ் நிறுவனத்தின் தலைவர் டீன் ஹால் தாமே சேர்ப்பு எழுதி எழுந்தவர். ‘ஆர்மா 2’ என்னும் விளையாட்டுக்கு அவர் 2012 இல் எழுதிய ‘டேஸீ’ என்னும் சேர்ப்பே தனி விளையாட்டாக வளர்ந்தது. சேர்ப்பின் அருமை அறிந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே தனி விளையாட்டு 2013 டிசம்பரில் முற்றுப்பெறாமல் விற்பனைக்கு வந்து, 2018 டிசம்பரில்தான் முழுமை எய்தியது. இடையே 2014 இல் அவர் விலகிச் சென்றார் என்பதையும் மறத்தலாகாது. புதிய விளையாட்டை விலையின்றித் தந்து, விரும்புவோர் அளிக்கும் பொருளைக் கொண்டு நடத்த எண்ணியிருப்பதாக அறிவித்துள்ளனர். அவ்வாக்கு நிலைக்குமாயின் வரவேற்கத்தக்கதே. எனினும் வாக்கைக் கண்டு மகிழாமல், அன்றன்று கைக்கு வந்ததைக் கொண்டே மதிப்பிடுக என்பதே மாணவர்க்கு என் வேண்டுகோள்.

தமிழ் மாணவர்க்கு இங்கு ஒரு தனிப் பணியும் உண்டு. 2017 மே மாதம் வந்த பதிப்பில் கெர்பல் விளையாட்டு உருசியம், ஸ்பானியம், சீனம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் பேசத் தொடங்கியது. பின்னர் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் சேர்ந்தன. அதிகாரப்பூர்வமான அவ்வரிசையில் தமிழ் இடம்பெறவில்லை. எவரேனும் கொண்டுவந்து தருவர் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும் விளையாட்டில் மொழியையும் ஒரு சேர்ப்பாக எழுதலாம். பாதையின் மிக அண்மைப் புள்ளிக்கும் மிகச் சேய்மைப் புள்ளிக்கும் என்ன சொல் இடுவது? உந்துவிசை, சாய்வுக்கோணம், இணைதல் ஆகியவற்றை ஒரு சிறுவனுக்கும் விளங்குமாறு எப்படி எழுதுவது? இயற்பியல் மாணவர் பொருளைச் சொல்ல, தமிழ் மாணவர் சொல்லைத் தர, கணினி மாணவர் அதனைத் திரையில் ஏற்ற, முத்துறையும் ஒரு மேசையில் அமரும் நாள் நம் கல்லூரிகளில் வரவேண்டும். கலைச்சொல் அகராதியில் உறங்கும் சொற்கள் அன்று புழக்கத்திற்கு வரும். பொருந்தாத சொல்லை ஆடுவோரே புறந்தள்ளுவர்; பொருந்திய சொல் நிலைபெறும். கலைச்சொல்லுக்கு இதைவிடக் கடுமையான தேர்வுமன்றம் வேறில்லை.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கணினியின் முன் அமர்ந்திருக்கக் கண்டால், “எவ்வளவு நேரம் ஆடினாய்?” என்று மட்டும் கேளாதீர். “இன்று எதைக் கட்டினாய்? அது ஏன் விழுந்தது?” என்றும் கேளுங்கள். விடை கூற இயலாதவன் வெறும் நுகர்வோன். அவனைத் தடுப்பது தகும். விடை கூறுபவன் ஆக்குவோனாக மாறத் தொடங்கிவிட்டான். அவனுக்கு வழிவிடுவது நம் கடன். ஆக்கும் கைகளில் விளையாட்டு வினையாகும். அவ்வினை நல்வினையாகவே அமையும்.