பிள்ளைகள் கையில் மெத்தனால் வேண்டாம்

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், எங்கள் நாவலூர் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர் பக்கத்திலும் உயிர்களைப் பறித்ததும் மெத்தனால்தான். ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களின் குளோ எஞ்சினுக்கு நாங்கள் ஊற்றும் எரிபொருளிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவே. மீதி எண்ணெயும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும்.

அந்த எஞ்சின்மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு. குளோ பிளக்கில் உள்ள பிளாட்டினம் கம்பிச்சுருள், மெத்தனால் ஆவி பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். காலை ஈரக்காற்றுக்கு ஒரு கலவை, உச்சிவெயிலுக்கு ஒரு கலவை என ஊசியைத் திருகிச் சரிசெய்வது பழகிய விரல்களுக்கே வரும். எரிந்த விளக்கெண்ணெய் வாசம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். இருந்தும் சொல்கிறேன்: பள்ளிப் பிள்ளைகளுக்கு மாடல் விமானம் பறக்கவிடும் கலையைக் கற்றுத்தர இனி மின்மோட்டார்தான் சரி.

10 மில்லி மெத்தனால் உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம். தோல் வழியாகவும் அது உடலில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தீப்பிடித்ததை உணர்வதற்குள் கை வெந்துவிடும். மெத்தனாலை உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கும் விதிகள் தமிழ்நாட்டில் 1959 முதலே உண்டு. அத்தனை காவலோடு வைக்கவேண்டிய திரவத்தை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பொழுதுபோக்குக்காக வீட்டு அலமாரியில் வைக்கலாமா?

மின்மோட்டாருக்கு மாறினால் ஏரோபாட்டிக்ஸ் எனும் வான்சாகசத்தில் எதையும் இழக்கமாட்டோம். 2 மீட்டர் இறக்கையும் 5 கிலோ எடை வரம்பும் கொண்ட எஃப்3ஏ சர்வதேசப் போட்டிகளில் இன்று பெரும்பாலும் பறப்பவை மின்விமானங்களே. குளோ விமானத்தில் எரிபொருள் தீரத்தீர டேங்க் காலியாகி மூக்குப் பக்கம் எடை குறையும். பேட்டரியின் எடையோ இறங்கும்வரை மாறாது. செங்குத்தாகக் கீழிறங்கும்போது மோட்டாரே புரொப்பெல்லரை இழுத்துப் பிடிப்பதால், ஏறும் வேகத்துக்கு ஈடாக இறங்கவும் முடிகிறது. பாதி லூப்பில் எஞ்சின் நின்றுபோகும் பயமும் இல்லை. ஓ.எம்.ஆர். சாலையின் பழைய வெட்டவெளிகளில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட நிலையில், சத்தம் குறைவதும் சிறிய நன்மையல்ல.

மின்சாரத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மின்விமானத்துக்குச் சக்தி தரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். அடிபட்டாலோ, அளவுக்குமேல் சார்ஜ் ஏறினாலோ தீப்பற்றும். குளோ எஞ்சின் நாம் இயக்கும்வரை சும்மா கிடக்கும். மின்மோட்டார் அப்படியல்ல, பேட்டரியை இணைத்துவிட்டால் எந்த நொடியும் சுழலலாம். எனவே மேசையில் வைத்துச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். ஆளில்லாமலோ, இரவில் தூங்கும்போதோ சார்ஜ் போடாதீர்கள். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் பேட்டரியை விட்டுச் செல்லாதீர்கள். உபயோகம் முடிந்ததைக் குப்பையில் எறியாமல், பழைய பேட்டரி சேகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் அதையே கேட்கின்றன.

ஒரு காலைப் பொழுதுக்கு மூன்று நான்கு பேட்டரிகள் வேண்டும், விலையும் அதிகம் என்பது பெற்றோரின் நியாயமான கவலை. பள்ளிகள் பேட்டரிகளையும் சார்ஜரையும் பொதுவில் வாங்கி வைத்து, பொறுப்பான ஒருவர் மேற்பார்வையில் பிள்ளைகளுக்குத் தந்தால் இந்தச் சுமை குறையும்.

அப்துல் கலாம் விமானவியல் படித்த எம்.ஐ.டி. வளாகம் குரோம்பேட்டையில் இருக்கிறது. விமானப்படைத் தளம் தாம்பரத்தில் இருக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பயிற்சியும் உண்டு. தென்சென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சூழல் எங்கே கிடைக்கும்? விமான நிலையத்துக்கும் விமானப்படைத் தளத்துக்கும் அருகே வாழ்பவர்கள் நாம் என்பதால், 2021 ட்ரோன் விதிகளின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே பறக்கவிட வேண்டும். அத்தகைய ஒரு திடலை மாவட்ட நிர்வாகம் ஒதுக்கித் தரட்டும். பள்ளிகள் பிள்ளைகளுக்கு மின்விமானங்களை வாங்கித் தரட்டும்.