அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி

தந்தை விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. கட்டையை மெருகேற்றி, தோளுக்குத் தோதாக வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று ஓசூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மெருகு இருக்கட்டும். உரிமம் தந்தையோடு முடிந்துவிட்டது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

உரிமம் வந்தபின் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, காய்ந்ததும் மறுபடி தேய்க்கலாம். (எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிட வேண்டும்.) கட்டையை அளவெடுத்து வெட்டுவது உரிமம் பெற்ற கடைக்காரர் வேலை. குழலில் பாம்புத்தோல் போல வரிவரியாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் பிளந்து கை போய்விடும்.