பொன்னாடை இல்லாத கச்சேரி

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை, மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று, தமிழ்நாடு அரசு சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் எடுத்த பொன்விழாவில் அது மீண்டும் ஒலித்தது. முதலாவது அரங்கேற்றம், இரண்டாவது பாராட்டு. இரண்டு அரங்கங்களும் அவருக்காகவே நிறைந்தன. நம் தொழிலில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இனிமேல்தான் இருக்கிறது. இசையமைப்பாளர் ஊரிலேயே இல்லாத ஒரு வார நாளில், அவரை அறியாத ஒரு குழு, ஸ்கோரை மட்டும் நம்பி இதை எடுத்து வாசிக்குமா? அதற்கு வேண்டிய ஏற்பாடு நம்மிடம் இருக்கிறதா?

போடிநாயக்கனூரிலிருந்து சிலமலை, இராசிங்கபுரம், தேவாரம் என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகிற சாலையில்தான் இளையராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு, மலையேறித் தோட்டத் தொழிலாளர்கள் முன்பாகப் பாடிப் பழகியவர் இளையராஜா. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஒலித்த பாட்டு அது. அன்றைய கூட்டத்துக்காக மெட்டுக் கட்டுவதும் கூட்டம் கலைந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படுவதும் அந்தப் பள்ளியின் இலக்கணம். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976 'அன்னக்கிளி'யிலிருந்து அவருடைய மேடை ரெக்கார்டிங் தியேட்டர் ஆனது.

அந்தத் தியேட்டர்தான் நம்மில் பலரை வளர்த்தது. காலையில் எழுதிய ஸ்கோர் சற்று நேரத்தில் பார்ட்ஸாகப் பிரிந்து ஸ்டாண்டுக்கு வரும். இரண்டு ஒத்திகை, ஒரு டேக், அதோடு கால்ஷீட் முடிந்துவிடும். பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமையில் சென்னைக் கலைஞர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்றால், அதற்கு இந்த வேகமே காரணம். ஆனால் அங்கே முதல் வாசிப்பே கடைசி வாசிப்பு. ஒலி நாடாவில் தங்கிவிடும். காகிதத்தை யாரும் தேடுவதில்லை. கச்சேரி மேடைக்கு எழுதும் இசைக்கு இந்தப் பழக்கம் நேர் எதிரி. அங்கே காகிதம்தான் படைப்பு.

இதை உணர்த்த 1993 ஒன்றே போதும். அந்த ஆண்டு ஜான் ஸ்காட் நடத்த, இதே ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்து, இளையராஜாவின் சிம்பொனி ஒன்று பதிவானது. அது வெளிவரவேயில்லை. அச்சான ஸ்கோர் ஒன்று வெளியில் இருந்திருந்தால், பதிவு பெட்டிக்குள் இருந்தாலும் படைப்பு வேறெங்காவது ஒலித்திருக்கும். 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்த 'திருவாசகம்' வெளியானது. அதற்கும் பணம் வந்த வழி ஓர் இசைக்குழுவின் அழைப்பு அல்ல. தமிழ் மையம் எடுத்த முயற்சி அது. பெரிய இசை எழுத நினைக்கும் தமிழர், எழுதுவதோடு நில்லாமல் தயாரிப்பாளராகவும் ஆக வேண்டியிருக்கிறது.

வேறு வழி இருக்கிறது. லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா கேட்டுக்கொண்டதால் ரவிசங்கரின் முதல் சிதார் கான்செர்டோ 1971இல் ஆந்த்ரே ப்ரெவின் தலைமையில் மேடை கண்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்பிரமணியத்தின் 'ஃபேண்டசி ஆன் வேதிக் சாண்ட்ஸ்', சுபின் மேத்தாவின் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்காக 1985இல் பிறந்தது. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, ஜாகிர் உசேனைக் கொண்டு தபலா கான்செர்டோ எழுதச் செய்து 2015இல் வாசித்தது. இப்படி அழைத்து எழுதச் செய்வதில் சன்மானத்தைவிடப் பெரிய லாபம், ஒத்திகை நேரமும் பார்ட்ஸ் செலவும் மேடைத் தேதியும் முன்கூட்டியே உறுதியாவது.

ஓர் இசைக்குழுவோடு சில காலம் இணைந்திருந்து எழுதும் ரெசிடென்சி இன்னும் ஒரு படி மேல். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் 1982 முதல் 1985 வரை சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு இருந்தார். அந்த உறவின் முடிவில் வந்தது 'ஹார்மொனிலேரா'. எழுதியதை வாத்தியக்காரர்கள் வாசித்துக் கேட்டு, திருத்தி, மறுபடி கேட்கிற வசதி அது. ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒரே சுற்றில் கைக்கு வருவதில்லை. பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஆள் இறங்கிப் பறிக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா எழுத்தும் அப்படியே.

இசைக்கு ஆதரவு தந்து அதை அச்சில் நிறுத்துவது நமக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம். எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்த சுப்பராம தீட்சிதர், அந்த அரசவையின் ஆதரவில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை ஸ்வரக் குறிப்புகளோடு அச்சில் தந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை இன்று நாம் பாடம் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதற்கு அந்த அச்சுப் பிரதியே ஆதாரம். ஆஸ்தானம் கொடுத்த சால்வைகள் மக்கிப் போயின, புத்தகம் நின்றது.

ஆகவே சில கோரிக்கைகள். பொன்விழா மேடையில் இளையராஜா பெயரில் அரசு விருது ஒன்றை அறிவித்திருக்கிறது. விருது முடித்த வேலைக்கான மரியாதை. அதன் பக்கத்தில், எழுதப்போகும் வேலைக்கும் ஓர் அட்வான்ஸ் வேண்டும்: ஆண்டுக்கு ஒரு படைப்பு, போதிய ஒத்திகை, இரண்டு வெவ்வேறு குழுக்களின் வாசிப்பு என்ற நிபந்தனையோடு. சென்னை ஐஐடியில் 2024இல் அடிக்கல் நாட்டப்பட்ட இளையராஜா இசை மையம், ஸ்கோர்களைச் சரிபார்த்துப் பதிப்பிப்பதைத் தன் முதல் வேலையாகக் கொள்ளலாம். போடிப் பக்கத்தில் ஓர் இளம் இசையமைப்பாளர் ஒரு பருவம் தங்கி, உறுமியும் நாயனமும் வாசிக்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்குச் சமமான ஊதியம் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து எழுதட்டும். அரங்கேற்றம் அந்த ஊரிலேயே நடக்கட்டும்.

நம் பங்கும் உண்டு. நூறு பேர் குழு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டை நான்கு பேரோடுதான் நடத்திக் காட்டினார். நான்கு பேருக்கு எழுதியதை ஊருக்கு ஊர் எடுத்துப் போகலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, ஸ்கோர் யாரிடம் இருக்கும், பார்ட்ஸை யார் தருவார், மறு வாசிப்புக்கு என்ன வழி என்பதையும் எழுதி வாங்குவோம். அரங்கேற்றம் முடிந்த மறுநாளே திருத்திய பிரதியைத் தயார் செய்வோம்.

அடுத்த இதழிலிருந்து, அரங்கேற்றச் செய்தி அனுப்புவோரிடம் மூன்று விவரங்கள் கேட்போம்: ஸ்கோர் எங்கே கிடைக்கும், பார்ட்ஸ் தயாரா, அடுத்து வாசிக்கப்போவது யார். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் செய்தி வரும். பதிலுக்குரிய வரி மட்டும் காலியாக அச்சாகும்.